வசந்தகாலப் பயிற்சிக்கு முன் ஒரு கல்லூரிக் கால்பந்து அணியின் ஸ்பெஷல் டீம்ஸை எடைபோடுவது எப்படி

அமெரிக்கக் கல்லூரிக் கால்பந்து அணிகளுக்கு (சாக்கர் அல்ல, பந்தைக் கையில் ஏந்தி ஓடும் அமெரிக்கக் கால்பந்து) வசந்தகாலப் பயிற்சி என்று ஒன்று உண்டு. கல்லூரி விளையாட்டுகளை நடத்தும் என்.சி.ஏ.ஏ.வின் விதிப்படி, முதல்நிலை அணிகள் 34 நாட்களுக்குள் 15 பயிற்சிகளை நடத்திக்கொள்ளலாம். பெரும்பாலான அணிகள் மார்ச்சில் தொடங்கி ஏப்ரலில் முடித்துவிடுகின்றன. புதிய குவார்ட்டர்பேக் எப்படி எறிகிறார், தடுப்பாட்டத்தில் யார் தேறியிருக்கிறார் என்பதையெல்லாம் அந்த நாட்களில் ஓரளவு பார்த்துத் தெரிந்துகொள்ளலாம். பந்தை உதைக்கும் ஆட்டங்களுக்கென்றே இறங்கும் பிரிவுகளான ஸ்பெஷல் டீம்ஸ் விஷயத்தில் அது நடப்பதில்லை. யாருக்காவது அடிபட்டுவிடும் என்று அஞ்சி, கிக்ஆஃபையும் (ஆட்டத்தைத் தொடங்கிவைக்கும் உதை) பன்ட் ரிட்டர்னையும் (எதிரணி உதைத்த பந்தைப் பிடித்துத் திரும்ப ஓடுவது) முழு வேகத்தில் ஆடவிடாத பயிற்சியாளர்கள் பலர். ஏப்ரல் மாதக் காட்சி ஆட்டத்திலும் பந்தைப் பிடித்த உடனே விசில் ஊதி நிறுத்திவிடும் வழக்கம் பல இடங்களில் இருக்கிறது. ஆகவே இந்த மதிப்பீட்டை பிப்ரவரியிலேயே, போன பருவத்தின் ஆட்டப் பதிவுகளையும் இப்போதைய வீரர் பட்டியலையும் அருகருகே வைத்துக்கொண்டு செய்ய வேண்டியிருக்கிறது.

அதைச் செய்யும் முறையை, இந்த விளையாட்டைப் பார்க்கத் தொடங்கி ஓரிரு பருவங்களே ஆனவர்களுக்காக இங்கே எழுதுகிறேன். உதாரணமாக, 2024 வசந்தத்துக்கு முன் அயோவா பல்கலைக்கழக அணி இருந்த நிலையை அவ்வப்போது எடுத்துக்கொள்கிறேன். 2023 பருவத்தில் அயோவாவின் தாக்குதல் ஆட்டம், எடுத்த யார்டுகளின் கணக்கில், முதல்நிலை அணிகள் 133இல் கடைசி இடத்தில் இருந்தது. அப்படியிருந்தும் அந்த அணி 10 ஆட்டங்களில் வென்றது. தடுப்பாட்டத்தோடு சேர்ந்து அதைத் தாங்கிப் பிடித்தது ஸ்பெஷல் டீம்ஸ்தான். எனவே அங்கே யார் போனார், யார் இருந்தார் என்ற கேள்விக்கு வேறெங்கும் இல்லாத கனம் இருந்தது.

எவற்றை எண்ணுகிறோம்

பந்து உதைக்கப்படும் ஒவ்வொரு ஆட்டமும் ஸ்பெஷல் டீம்ஸைச் சேர்ந்தது. கிக்ஆஃப், கிக்ஆஃப் ரிட்டர்ன், பன்ட், பன்ட் ரிட்டர்ன், ஃபீல்டு கோல் (கம்பங்களுக்கு இடையே பந்தை உதைத்துப் புள்ளி எடுப்பது), ஃபீல்டு கோல் தடுப்பு என்று ஆறு பிரிவுகள் உள்ளன. களத்தின் கடைசிப் பகுதியான எண்ட் ஸோனுக்குள் பந்தைக் கொண்டுபோகும் டச்டவுனுக்குப் பின் உதைக்கும் ஒற்றைப் புள்ளியும் ஃபீல்டு கோல் பிரிவின் வேலைதான். ஒரு பிரிவுக்குப் பதினொருவர் என்றால் மொத்தம் 66 இடங்கள். இவற்றில் நமக்குப் பெயர் தெரிந்தவர்கள் கிக்கர், பன்டர், பந்தைப் பிடித்துக்கொண்டு ஓடும் ரிட்டர்னர் ஆகிய மூவர், மிஞ்சினால் நால்வர். மீதி அறுபது இடங்களில் இருப்பவர்கள் இரண்டாம் வரிசை லைன்பேக்கர்களும், பின்தடுப்பு வீரர்களும், டைட் எண்டுகளும், ஓட்டக்காரர்களும்தான். கிரிக்கெட்டில் ஃபீல்டிங்கில் காப்பாற்றிய ஓட்டங்கள் ஸ்கோர்கார்டில் ஏறாதது போல, இவர்கள் செய்யும் வேலையின் பெரும்பகுதி எந்தப் புள்ளிவிவரத்திலும் ஏறுவதில்லை.

புதிதாக வருகிறவர்கள் செய்யும் பிழை, கிக்கரின் விழுக்காட்டையும் பன்டரின் சராசரியையும் பார்த்துவிட்டு ஸ்பெஷல் டீம்ஸை எடைபோட்டுவிட்டதாக நினைப்பது. அந்த இரு எண்களும் தேவைதான். ஆனால் அவற்றை உண்டாக்கியவர்களில் எத்தனை பேர் அடுத்த செப்டம்பரிலும் இருப்பார்கள் என்று தெரியாமல் அவற்றை வைத்து ஒன்றும் சொல்ல முடியாது. இந்தக் கட்டுரையின் எல்லாப் படிகளும் அந்த ஒரு கேள்வியைச் சுற்றித்தான் வருகின்றன.

முதல் படி: போனவர், இருப்பவர், வருகிறவர்

ஒரு தாளில் மூன்று பத்திகள் போடுங்கள். முதல் பத்தியில் அணியைவிட்டுப் போனவர்கள்: ஆடும் தகுதிக்காலம் முடிந்தவர்கள், தொழில்முறை லீக்கான என்.எஃப்.எல்.லின் வீரர் தேர்வுக்கு முன்கூட்டியே பெயர் கொடுத்தவர்கள், கல்லூரி மாற விரும்புவோர் பெயர் பதியும் டிரான்ஸ்ஃபர் போர்ட்டல் வழியாக வேறு கல்லூரிக்குச் சென்றவர்கள். இரண்டாம் பத்தியில் இருப்பவர்கள். மூன்றாம் பத்தியில் புதிதாக வருகிறவர்கள்.

போர்ட்டலின் காலக்கெடு இந்த வேலையைச் சற்று எளிதாக்கியிருக்கிறது. முன்பு ஏப்ரலிலும் ஒருமுறை போர்ட்டல் திறந்ததால், பிப்ரவரியில் போட்ட கணக்கு மே மாதத்தில் கலைந்துபோவது சாதாரணம். 2026இல் அந்த ஏப்ரல் வாய்ப்பை நீக்கிவிட்டு, ஜனவரி 2 முதல் 16 வரை என்று ஒரே வாய்ப்பாக வைத்தார்கள். ஆகவே பிப்ரவரியில் பெயர்ப்பட்டியலில் இருப்பவர் செப்டம்பரிலும் இருப்பார் என்று முன்பைவிட நம்பிக்கையோடு எழுதலாம். ஆனால் கோடையில்தான் வளாகத்துக்கு வந்து சேரும் முதலாண்டு மாணவர்களை மறந்துவிடக் கூடாது. கிக்கர்களிலும் ஆஸ்திரேலியாவிலிருந்து வரும் பன்டர்களிலும் அப்படி வருகிறவர்கள் உண்டு.

இன்னொரு மாற்றத்தையும் கணக்கில் கொள்ள வேண்டும். 2025இல் நீதிமன்றம் ஏற்றுக்கொண்ட ஓர் ஒப்பந்தத்தின்படி, அதில் சேர்ந்த கல்லூரிகளின் கால்பந்து அணியில் 105 பேருக்கு மேல் இருக்கக் கூடாது. அதற்கு முன் 85 பேருக்கு உதவித்தொகை என்ற வரம்பு மட்டும் இருந்தது. உதவித்தொகை இல்லாமல் சேரும் வாக்‑ஆன் வீரர்களை அதற்கு மேலும் சேர்த்துக்கொள்ள முடிந்தது. உதைத்த பந்தைத் துரத்திப்போய் ரிட்டர்னரை மடக்கும் கவரேஜ் பிரிவுகளில் உயிரைக் கொடுத்து ஓடியவர்களில் பலர் அந்த வாக்‑ஆன் வீரர்கள்தான். உங்கள் அணி இந்த வரம்புக்குள் வருவதற்காக யாரை விடுவித்தது என்று கட்டாயம் பாருங்கள். செய்தியில் ஒரு வரிகூட வராமல் போய்விட்ட ஒருவர், நான்கு பிரிவுகளில் ஆடியவராக இருக்கலாம்.

அயோவாவின் தாளில் முதல் பத்தியில் இரண்டு பெரிய பெயர்கள் இருந்தன. ஒருவர் பன்டர் டோரி டெய்லர். 2023இல் அவர் 93 முறை பன்ட் செய்து 4,479 யார்டுகள் சேர்த்தார். ஒரே பருவத்தில் அதிக யார்டுகள் என்று 1938 முதல் நிலைத்திருந்த சாதனையை அது முறியடித்தது. மற்றவர், தடுப்பாட்ட வீரராகவும் பன்ட் ரிட்டர்னராகவும் இருந்த கூப்பர் டெஜீன். இருவரும் என்.எஃப்.எல்.லுக்குப் போனார்கள். இரண்டாம் பத்தியில் கிக்கர் ட்ரூ ஸ்டீவன்ஸும், 2023இலேயே கிக்ஆஃப் ரிட்டர்னில் ஓடிய கேடன் வெட்ஜனும் இருந்தனர். மூன்றாம் பத்தியில் ஆஸ்திரேலியரான ரீஸ் டேகின்.

இரண்டாம் படி: பெயர் தெரியாத அறுபது இடங்கள்

இதுதான் அதிக நேரம் பிடிக்கும் படி. இதைத் தாண்டிப் போய்விடாதீர்கள் என்று கேட்டுக்கொள்கிறேன், ஏனென்றால் மற்றவை எல்லாம் இணையத்தில் யாராவது செய்து வைத்திருப்பார்கள். இதை ஒருவரும் செய்து வைத்திருப்பதில்லை.

போன பருவத்திலிருந்து மூன்று ஆட்டங்களைத் தேர்ந்தெடுங்கள்: செப்டம்பரில் ஒன்று, அக்டோபர் நடுவில் ஒன்று, நவம்பர் கடைசியில் ஒன்று. ஒவ்வொன்றிலும் முதல் பாதியின் கிக்ஆஃபையும் பன்டையும் மட்டும் ஓடவிட்டு, பந்து உதைக்கப்படும் கணத்தில் நிறுத்தி, களத்தில் இருக்கும் பதினொருவரின் சட்டை எண்களை எழுதுங்கள். தொலைக்காட்சிக் கேமரா சில நேரம் எட்டு ஒன்பது பேரை மட்டுமே காட்டும். அடுத்த கிக்ஆஃபில் மீதிப் பேர் கிடைத்துவிடுவார்கள். ஓர் ஆட்டத்துக்கு அரை மணி நேரம் போதும்.

எண்களைப் பெயராக மாற்றும்போது ஓர் எச்சரிக்கை. கல்லூரிக் கால்பந்தில் ஒரே எண்ணை ஒரே அணியில் இருவர் அணியலாம்; இருவரும் ஒரே நேரத்தில் களத்தில் இருக்கக் கூடாது என்பதுதான் கட்டுப்பாடு. பெரும்பாலும் ஒருவர் தாக்குதல் பக்கத்தையும் மற்றவர் தடுப்புப் பக்கத்தையும் சேர்ந்தவராக இருப்பார். ஸ்பெஷல் டீம்ஸில் இரு பக்கத்தவரும் கலந்து நிற்பதால், 24 என்ற எண்ணைப் பார்த்ததும் நமக்குத் தெரிந்த 24தான் என்று எழுதிவிடக் கூடாது. நான் ஒருமுறை அப்படி எழுதி, கவரேஜில் சிறந்தவர் போய்விட்டார் என்று ஒரு மாதம் நம்பிக்கொண்டிருந்தேன்; உண்மையில் போனவர் அதே எண் அணிந்த ஓட்டக்காரர். உயரம், உடல்வாகு, ஓடும் விதம் ஆகியவற்றைப் பார்த்து உறுதி செய்துகொள்ளுங்கள்.

பட்டியல் தயாரானதும், கிக்ஆஃப், கிக்ஆஃப் ரிட்டர்ன், பன்ட், பன்ட் ரிட்டர்ன் ஆகிய நான்கிலும் வருகிறவர்கள் யார் என்று குறியுங்கள். ஸ்பெஷல் டீம்ஸின் முதுகெலும்பு அவர்கள்தான். அப்படிப்பட்டவர் ஆறு பேர் இருந்து, அவர்களில் நான்கு பேர் முதல் பத்தியில் இருந்தால், கிக்கர் எவ்வளவு சிறந்தவராயினும் அந்த அணியின் செப்டம்பர் மாதம் எனக்குக் கவலையளிக்கும். அதேபோல், நான்கு பிரிவிலும் ஆடிய ஒருவர் இந்த ஆண்டு முழுநேர லைன்பேக்கராக உயர்ந்தால், அவர் அணியிலேயே இருந்தாலும் ஸ்பெஷல் டீம்ஸைப் பொறுத்தவரை பாதி போனவர்தான். வெர்ஜீனியா டெக் அணியை 1987 முதல் 2015 வரை பயிற்றுவித்த ஃபிராங்க் பீமர், ஸ்பெஷல் டீம்ஸைத் தாமே நேரடியாகக் கவனித்ததோடு, முதல் வரிசை வீரர்களையும் அதில் இறக்கினார். உதைகளைத் தடுப்பதில் அந்த அணி பெற்ற பெயர் அப்படி வந்தது. எல்லாப் பயிற்சியாளர்களும் அப்படிச் செய்வதில்லை. உங்கள் பயிற்சியாளர் எந்த வகை என்பதை அந்த மூன்று ஆட்டங்களே காட்டிவிடும்.

நவம்பர் ஆட்டத்தில் செப்டம்பரில் இல்லாத புதிய எண்கள் தென்பட்டால் மகிழலாம். 2018 முதல் முதலாண்டு மாணவர் ஒருவர் நான்கு ஆட்டங்கள் வரை ஆடினாலும் அவருடைய தகுதிக்காலத்தில் ஓராண்டு கழிவதில்லை. அதனால் பல அணிகள் பருவத்தின் கடைசியில் இளையவர்களை கவரேஜில் இறக்கிப் பார்க்கின்றன. அந்த எண்கள்தான் அடுத்த ஆண்டின் விடை.

மூன்றாம் படி: பன்ட்

பந்தைக் கொண்டு பத்து யார்டு முன்னேற ஓர் அணிக்கு நான்கு வாய்ப்புகள். மூன்றில் முடியாவிட்டால், நான்காவதில் பந்தை எதிரணிக்குத் தொலைவில் உதைத்துக் கொடுத்துவிடுவது பன்ட். இதை அளக்க எல்லாரும் பார்ப்பது மொத்தச் சராசரி. நீங்கள் பார்க்க வேண்டியது நிகரச் சராசரி. உதைத்த யார்டுகளிலிருந்து எதிரணி ரிட்டர்னில் ஓடியதைக் கழித்து, பந்து எண்ட் ஸோனுக்குள் போய் டச்பேக் ஆனால் ஒவ்வொன்றுக்கும் 20 யார்டு கழித்து, பன்ட்களின் எண்ணிக்கையால் வகுத்தால் கிடைப்பது அது.

ஒரு கற்பனைக் கணக்கைப் பாருங்கள். முதல் பன்டர் 10 உதைகளில் 460 யார்டு, எதிரணி 60 யார்டு திரும்ப ஓடியது, இரண்டு டச்பேக். நிகரம் 36. இரண்டாமவர் 10 உதைகளில் 420 யார்டு மட்டுமே, திரும்ப ஓடியது 10 யார்டு, டச்பேக் இல்லை. நிகரம் 41. மொத்தச் சராசரியில் நான்கு யார்டு பின்தங்கியவர், உண்மையில் ஒவ்வோர் உதையிலும் ஐந்து யார்டு முன்னே இருக்கிறார்.

இந்த வித்தியாசம் எங்கிருந்து வருகிறது என்பதைக் கைப்பேசியின் ஸ்டாப்வாட்ச் கொண்டு நீங்களே அளந்துவிடலாம். பந்து காலைவிட்டுக் கிளம்பும் கணத்தில் அழுத்துங்கள். ரிட்டர்னரின் கையையோ தரையையோ தொடும் கணத்தில் நிறுத்துங்கள். பந்து வானில் நின்ற நேரம் அது. பயிற்சியாளர்கள் சொல்லும் கைக்கணக்கு எளியது: 45 யார்டு போகும் பன்ட் 4.5 நொடி வானில் நிற்க வேண்டும். நான்கு நொடிக்கும் குறைவாக நின்று 50 யார்டு பறக்கும் பன்ட் அழகாகத் தெரியும். ஆனால் கவரேஜ் வீரர்கள் சேர்வதற்குள் ரிட்டர்னர் பந்தோடு கிளம்பியிருப்பார். அடுத்து, பந்தைப் பின்னால் நிற்பவருக்கு வீசும் லாங் ஸ்னாப்பர் அதை அனுப்பும் கணம் (ஸ்னாப்) முதல் பன்டரின் கால் படும் கணம் வரை அளந்து பாருங்கள். நின்ற இடத்திலிருந்து உதைப்பவர்களுக்கு அது இரண்டு நொடியைச் சுற்றி இருக்க வேண்டும். கையால் அளப்பதில் சிறு பிழை வரும்; பத்துப் பன்ட்களின் சராசரியை எடுத்தால் அது பெரிதும் கரைந்துவிடும்.

கல்லூரி விதி என்.எஃப்.எல். விதியிலிருந்து வேறுபடும் இடம் ஒன்று இங்கே இருக்கிறது. என்.எஃப்.எல்.லில் பந்து உதைக்கப்படும் முன் இரு ஓரத்திலும் நிற்கும் கன்னர்கள் மட்டுமே முன்னோக்கி ஓடலாம். கல்லூரியில் ஸ்னாப் ஆனதுமே எல்லாரும் ஓடலாம். அதனால்தான் பல கல்லூரிகள், பன்டருக்கு முன் மூன்று பருத்த வீரர்களைக் கேடயம் போல நிறுத்திவிட்டு மற்றவர்களை உடனே ஓடவிடும் ஷீல்டு அமைப்பைக் கையாளுகின்றன. அந்த மூவரும் யார், அவர்களில் எத்தனை பேர் திரும்பி வருகிறார்கள் என்று உங்கள் தாளில் தனியே எழுதுங்கள். உதை தடுக்கப்பட்டால் பழி பன்டர் மீது விழும். காரணம் பெரும்பாலும் இந்த மூவருக்கிடையில் யார் யாரைப் பிடிப்பது என்ற குழப்பத்தில் இருக்கும்.

ஆஸ்திரேலியப் பன்டர்கள் பற்றிச் சில சொற்கள். மெல்பர்னில் இயங்கும் புரோகிக் ஆஸ்திரேலியா என்ற பயிற்சி நிலையம், ஆஸ்திரேலிய விதிக் கால்பந்து ஆடி வளர்ந்தவர்களை அமெரிக்கக் கல்லூரிகளுக்கு அனுப்புகிறது. சிறந்த பன்டருக்கான ரே கை விருதை யூட்டாவின் டாம் ஹாக்கெட் 2014, 2015இலும், டோரி டெய்லர் 2023இலும் வென்றார்கள். பக்கவாட்டில் ஓடிக்கொண்டே உதைப்பது, பந்தைப் பின்சுழற்சியோடு கோட்டருகே நிறுத்துவது ஆகியவை இவர்களுக்குக் கைவந்த கலை. ஆனால் கல்லூரி விதிப்படி, முன்வரிசையின் இரு ஓரங்களில் நிற்கும் டேக்கிள்களுக்கு இடைப்பட்ட பகுதியைவிட்டு வெளியே ஓடிவிட்ட பன்டருக்கு, மோதல்களிலிருந்து கிடைக்கும் சிறப்புப் பாதுகாப்பு போய்விடுகிறது. புதிய ஆஸ்திரேலியர் ஒருவர் உங்கள் பட்டியலில் இருந்தால், காலின் வலிமையைவிட, கனமான கவசத்தோடு பாய்ந்து வருகிறவர்களுக்கு முன் பந்தைக் கையில் அமைதியாக வாங்கும் பழக்கம் அவருக்கு எவ்வளவு வேகமாக வரும் என்பதுதான் கேள்வி.

அந்த அமைதி குலைந்தால் என்ன ஆகும் என்பதற்கு 2015 அக்டோபர் 17ஐ நினைவுகூரலாம். மிச்சிகன் 23–21 என முன்னிலையில் இருந்தது. மீதி 10 நொடி. ஒரே ஒரு பன்ட் போதும். தாழ்வாக வந்த ஸ்னாப்பைப் பன்டர் தவறவிட, மிச்சிகன் ஸ்டேட்டின் ஜேலன் வாட்ஸ்‑ஜாக்சன் பந்தோடு 38 யார்டு ஓடினார்; ஆட்டம் 27–23 என்று முடிந்தது. லாங் ஸ்னாப்பரைக் குறைத்து மதிப்பிடுகிறவர்களுக்கு நான் இந்தப் பதிவைத்தான் காட்டுவேன். ஸ்னாப்பரை மதிப்பிட எளிய வழி, பன்டரின் பாதங்களைப் பார்ப்பது. நல்ல ஸ்னாப் வந்தால் அவர் நின்ற இடத்திலிருந்தே அடியெடுத்து வைப்பார். ஸ்னாப் கோணினால் முதலில் பக்கவாட்டில் ஓர் அடி நகர்வார். பத்தில் எத்தனை முறை நகர்ந்தார் என்று எண்ணுங்கள்.

நான்காம் படி: ஃபீல்டு கோல்

ஒரு பருவத்தில் கல்லூரிக் கிக்கர் ஒருவர் ஏறத்தாழ இருபது முறை ஃபீல்டு கோலுக்கு உதைக்கிறார் என்று வைத்துக்கொள்வோம். 18 முறை போட்டால் 90 விழுக்காடு. 16 முறை போட்டால் 80. ஊடகங்கள் முதலாமவரை நாயகன் என்றும் இரண்டாமவரைச் சிக்கல் என்றும் எழுதும். இருவருக்கும் இடையில் இருப்பது இரண்டே இரண்டு உதைகள், அவற்றில் ஒன்று காற்றாகக்கூட இருக்கலாம். எனவே விழுக்காட்டைத் தனியாக நம்பாமல் உதைகளைப் பிரித்து எழுதுங்கள்: 40 யார்டுக்குக் குறைவானவை, 40 முதல் 49, 50க்கு மேற்பட்டவை. 40க்குக் குறைவானவற்றில் தவறினால் கிக்கர் மீது கேள்வி எழுகிறது. 50க்கு மேல் ஐந்து முறை முயன்று மூன்றைத் தவறவிட்டவரை, 45ஐத் தாண்டி முயலவே அனுப்பப்படாதவரோடு ஒரே தராசில் வைக்கக் கூடாது. தொலைவைக் கணக்கிடத் தெரியாதவர்களுக்கு: ஆட்டம் தொடங்கும் கோட்டோடு 17 யார்டைக் கூட்ட வேண்டும். எண்ட் ஸோனுக்குப் பத்து, கிக்கருக்காகப் பந்தைத் தரையில் பிடித்து வைக்கும் ஹோல்டர் பின்னால் தள்ளி உட்காருவதற்கு ஏழு.

கோணத்தையும் கவனியுங்கள். கல்லூரிக் களத்தில் பந்தை வைக்கும் ஹாஷ் கோடுகள் இரண்டுக்கும் இடையே 40 அடி. கம்பங்களுக்கு இடையே 18 அடி 6 அங்குலம்தான். என்.எஃப்.எல்.லில் ஹாஷ் கோடுகள் கம்பங்களுக்கு நேராகவே அமைந்திருக்கின்றன. கல்லூரியில் பந்து ஹாஷ் கோட்டில் இருந்தால், நடுவிலிருந்து 20 அடி விலகி, கம்பத்துக்கு வெளியே நின்று உதைக்க வேண்டும். 45 யார்டு உதையில் இந்தச் சாய்வு ஏறக்குறைய 8 பாகை; 27 யார்டு உதையில் ஏறக்குறைய 14 பாகை. ‘இவ்வளவு கிட்டத்திலிருந்து தவறவிட்டாரே’ என்று அரங்கம் புலம்பும்போது இதை நினைத்துக்கொள்ளுங்கள். ஒரு கிக்கர் இடது ஹாஷிலிருந்து தொடர்ந்து தவறி, வலது ஹாஷிலிருந்து தவறாமல் போட்டால், அது வசந்தத்தில் திருத்தக்கூடிய குறை.

உதை தடுக்கப்பட்டதா, தவறியதா என்பதைப் புள்ளிவிவரப் பட்டியல்கள் ஒன்றாகவே எண்ணிவிடும். பதிவைப் பார்த்துப் பிரித்துக்கொள்ளுங்கள். பந்து தாழ்வாகக் கிளம்பி நடுவில் நின்றவரின் கையில் பட்டால் கிக்கரின் பொறுப்பு. ஓரத்திலிருந்து ஒருவர் தடையின்றி ஓடிவந்து தடுத்தால் பாதுகாப்பின் பொறுப்பு. ஸ்னாப்பிலிருந்து உதைவரை 1.3 நொடிக்குள் முடிய வேண்டும். அதற்கு மேல் போனால் ஹோல்டரைப் பாருங்கள். பல அணிகளில் பன்டரே ஹோல்டராகவும் இருக்கிறார். ஆகவே பன்டர் போனால் கிக்கருக்கும் ஒரு துணை போகிறது. இதை எழுதிவைக்க மறப்பவர்கள் அதிகம்.

அயோவாவில் 2023 கடைசியில் ஸ்டீவன்ஸ் தடுமாறினார்; நெப்ராஸ்கா ஆட்டத்தில் அவருக்குப் பதிலாக இறங்கிய மார்ஷல் மீடர், நேரம் முடியும் கணத்தில் 38 யார்டு ஃபீல்டு கோல் போட்டு வெற்றி தேடித்தந்தார். 2024 பிப்ரவரியில் நேர்மையாக எழுதக்கூடிய வரி இதுதான்: கிக்கர் திரும்பி வருகிறார், ஆனால் அவருடைய இடம் உறுதியாக இல்லை.

புதியவர்கள் விஷயத்தில் இரண்டு குறிப்புகள். உயர்நிலைப் பள்ளிகளில் ஃபீல்டு கோலுக்குப் பந்தைச் சிறு மேடை மீது வைத்து உதைக்கலாம். கல்லூரியில் 1989 முதல் தரையிலிருந்துதான் உதைக்க வேண்டும். பள்ளியில் 55 யார்டு போட்டார் என்ற செய்தியைக் கேட்டால், மேடை மீதா தரையிலா என்று கேளுங்கள். போர்ட்டல் வழியாக வருகிறவர் எந்த ஊரிலிருந்து வருகிறார் என்பதும் முக்கியம். வயோமிங் பல்கலைக்கழகத்தின் லாரமி ஸ்டேடியம் கடல்மட்டத்திலிருந்து 7,220 அடி உயரத்தில் இருக்கிறது. அங்கே காற்று மெலிவதால் பந்து கூடுதல் தூரம் போகும். கூரையிட்ட அரங்கில் உதைத்துப் பழகியவருக்கு நவம்பர் மாத அயோவாக் காற்று புதியது.

ஐந்தாம் படி: கிக்ஆஃபும் ரிட்டர்னும்

கிக்ஆஃபைச் சுருக்கமாகவே சொல்லிவிடலாம், ஏனென்றால் விதிகள் இதன் எடையைக் குறைத்துவிட்டன. 2012 முதல் 35 யார்டுக் கோட்டிலிருந்து உதைக்கிறார்கள். டச்பேக் ஆனால் எதிரணி 25இல் தொடங்குகிறது. 2018 முதல், 25க்குள் எங்கு ஃபேர் கேட்ச் (ஓடப்போவதில்லை என்று கையசைத்துவிட்டுப் பந்தைப் பிடிப்பது) செய்தாலும் அதே 25தான். ஆகவே உங்கள் தாளில் மூன்று எண்கள் போதும்: டச்பேக் விழுக்காடு, டச்பேக் ஆகாதவற்றில் எதிரணி தொடங்கிய சராசரி இடம், பக்கக் கோட்டுக்கு வெளியே போன உதைகளின் எண்ணிக்கை. கடைசியில் சொன்ன பிழை எதிரணியை 35இல் நிறுத்துகிறது. கிக்ஆஃப் உதைப்பவரும் ஃபீல்டு கோல் உதைப்பவரும் வேறு வேறு ஆளாக இருக்கலாம் என்பதால், முதல் பத்தியில் இருவரையும் தேடுங்கள்.

ரிட்டர்னரை மதிப்பிடும்போது சராசரியைவிட முடிவெடுக்கும் திறனைப் பாருங்கள். பிடிக்காமல் விட்ட பன்ட் தரையில் விழுந்து உருண்டு பத்துப் பதினைந்து யார்டு இழப்பு தருவதை எந்தப் பட்டியலும் அவர் பெயரில் எழுதாது. நீங்கள் எழுதுங்கள்: எத்தனை பன்ட்களை ஓடிப்போய்ப் பிடித்தார், எத்தனையை விட்டுவிட்டார், பத்து யார்டுக் கோட்டுக்குள் நின்று பிடித்தவை எத்தனை.

சைகை ஒன்றுகூட ஆட்டத்தை மாற்றும். 2023 அக்டோபர் 21 அன்று அயோவாவின் கின்னிக் ஸ்டேடியத்தில் மினசோட்டா 12–10 என முன்னிலையில் இருக்க, ஒன்றரை நிமிடத்துக்கும் குறைவான நேரத்தில் கூப்பர் டெஜீன் ஒரு பன்டை எடுத்து 54 யார்டு ஓடி டச்டவுன் போட்டார். பந்து தரையில் துள்ளும் முன் அவருடைய இடது கை தாழ்வாக அசைந்ததை நடுவர்கள் பதிவில் பார்த்து, அது செல்லாத ஃபேர் கேட்ச் சைகை என்று தீர்ப்பளித்தார்கள். டச்டவுன் நீக்கப்பட்டது, அயோவா தோற்றது. அந்தப் பதிவை நான் பலமுறை பார்த்திருக்கிறேன். உடன் ஆடுபவர்களை விலகச் சொல்லிக் கையசைப்பது ரிட்டர்னர்களுக்கு இயல்பாக வருவது. உங்கள் அணியின் புதிய ரிட்டர்னருக்கு அந்தப் பழக்கம் இருக்கிறதா என்று பார்ப்பது மிகையான கவனம் ஆகாது.

டெஜீன் போன பின் அந்த இடத்துக்கு வந்த வெட்ஜன், உதவித்தொகை இல்லாமல் சேர்ந்தவர். 2024இல் நார்த்வெஸ்டர்னுக்கு எதிராக 85 யார்டு பன்ட் ரிட்டர்னும், பருவ முடிவில் மிசூரிக்கு எதிராக நடந்த பவுல் ஆட்டத்தில் 100 யார்டு கிக்ஆஃப் ரிட்டர்னும் ஓடி டச்டவுன் போட்டு, நாட்டின் சிறந்த ரிட்டர்னருக்கான ஜெட் விருதையும் பெற்றார். பிப்ரவரியில் இதை யாரும் கணித்திருக்க முடியாது. ஆனால் இரண்டாம் பத்தியில் அவர் பெயர் இருந்தது. பட்டியலை முழுமையாக எழுதச் சொல்வது இதற்காகத்தான்.

ஃபீல்டு கோல் பிரிவுக்கும் ஓடிப் பிடிக்கும் கடமை உண்டு என்பதை 2013 நவம்பர் 30 காட்டியது. ஒரே நொடி மீதியிருக்க அலபாமா 57 யார்டு ஃபீல்டு கோலுக்கு முயன்றது. குறைவாகப் போன பந்தை எண்ட் ஸோனின் ஆழத்தில் பிடித்த ஆபர்னின் கிறிஸ் டேவிஸ், களத்தின் மறுமுனை வரை ஓடிவிட்டார். 34–28. உதையைப் பாதுகாக்க நிறுத்தப்பட்ட கனத்த லைன்மென்களால் அவரைத் துரத்திப் பிடிக்க முடியவில்லை. நீண்ட முயற்சிகளின்போது உங்கள் அணி வேகமான ஒருவரையாவது அந்தப் பிரிவில் வைக்கிறதா என்று பாருங்கள்.

ஆறாம் படி: பொறுப்பாளர் யார்

ஸ்பெஷல் டீம்ஸ் பயிற்சியாளர் மாறியிருக்கிறாரா, அவருக்கு அது ஒன்றே வேலையா, அல்லது டைட் எண்டுகளையோ லைன்பேக்கர்களையோ சேர்த்துப் பார்க்கிறாரா என்று விசாரியுங்கள். 2024இல் என்.சி.ஏ.ஏ. விதியைத் தளர்த்தி, முன்பு களத்தில் பேசக்கூடாதிருந்த உதவிப் பணியாளர்களும் வீரர்களுக்கு நேரடியாகக் கற்பிக்கலாம் என்றாக்கியது. அதனால் பொறுப்பாளர் என்ற பெயர் ஒருவருக்கும், கிக்கரோடு தினமும் நிற்கும் வேலை வேறொருவருக்கும் இருக்கலாம். பொறுப்பாளர் புதியவர் என்றால், அவருடைய பழைய அணியின் இரண்டு ஆட்டங்களில் பன்ட் அமைப்பைப் பாருங்கள். பழைய முறையிலிருந்து ஷீல்டு முறைக்கு மாறும் அணிக்கு, திரும்பி வரும் வீரர்களின் அனுபவம் பாதிதான் பயன்படும்.

மார்ச்சுக்குக் கொண்டுபோகும் தாள்

இப்போது உங்களிடம் இருப்பவற்றை ஒரே பக்கத்தில் சுருக்குங்கள். ஆறு பிரிவுகளுக்கும் ஆறு வரி. ஒவ்வொரு வரியிலும் போனவர் எண்ணிக்கை, திரும்பி வருகிறவர் எண்ணிக்கை, பயிற்சியில் விடை தேட வேண்டிய ஒரே ஒரு கேள்வி. மதிப்பெண் போட வேண்டாம்; பிப்ரவரியில் போடும் மதிப்பெண்ணைப் பின்னர் காப்பாற்றத்தான் மனம் முயலும். அயோவாவுக்கு 2024இல் நான் எழுதியிருக்கக்கூடிய கேள்விகள் இவை: டெய்லரின் இடத்தில் வருகிறவரின் நிகரச் சராசரி எவ்வளவு குறைந்தாலும் இந்தத் தடுப்பாட்டம் தாங்கும்? ஸ்டீவன்ஸின் உதை கிளம்பும் உயரம் கூடியிருக்கிறதா? பன்ட்டுக்குக் கீழே முதலில் போய் நிற்பவர் யார்?

பார்வையாளர்களை அனுமதிக்கும் பயிற்சி நாள் கிடைத்தால் சீக்கிரமே போய்விடுங்கள். ஸ்னாப்பரும் கிக்கரும் பன்டரும் முதலிலேயே ஓரமாகத் தனியே தொடங்கிவிடுவது வழக்கம். எல்லாரும் குவார்ட்டர்பேக்குகளின் பக்கம் நிற்பதால் அங்கே இடம் தாராளமாகக் கிடைக்கும். முடிந்தால் கம்பங்களுக்குப் பின்னால் நில்லுங்கள். பந்து நேராக வருகிறதா, கடைசியில் வளைகிறதா என்பது அங்கிருந்துதான் தெரியும். பிறகு பன்ட் பிரிவு வரிசையில் நிற்கும்போது, கேடயமாக நிற்கும் மூவரின் எண்களை எழுதி, பிப்ரவரித் தாளோடு ஒப்பிடுங்கள். மூன்றில் இரண்டு புதிதாக இருந்தால், அந்த வரியை வட்டமிட்டு வையுங்கள். செப்டம்பரின் முதல் ஆட்டத்தில் முதல் பன்டுக்கு அந்தப் பிரிவு இறங்கும்போது, பந்தை விட்டுவிட்டு அந்த மூவரைப் பாருங்கள்.